வெளியூரில் மட்டும் திறக்கும் பெட்டி

உக்காருங்க அம்மிணி, உக்காருங்க. பெட்டியை நான் மடியில எடுத்து வெச்சுக்கறனுங்க. இல்லீங்க, மேல வெக்க வேண்டாம். டிரைவர் பிரேக்கைப் போட்டான்னா தலையில வந்து உழுகும். காலடியிலயும் வேண்டாமுங்க. காலடியில வெச்சா எனக்குத் தெரியாம எவனாவது கையை வெச்சாலும் வெப்பான். மடியில இருந்தா மடியிலதான் இருக்குதுன்னு ஒரு நிம்மதி.

கம்பியூட்டருங்க. முழுசும் இல்லை, இந்தப் பெட்டி மட்டும். சிபியுன்னு சொல்றாங்களே, அது. வேட்டியில சுத்தி மூட்டையாட்டக் கட்டியிருக்கறதைப் பாத்துட்டு அந்தக் கண்டக்டர் பித்தளை அண்டாங்களான்னு கேட்டான். ஆமாம்னு சொல்லிட்டேன். கம்பியூட்டர்னு தெரிஞ்சா நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க, எதுக்கு?

நீங்க பல்லடத்துலதான ஏறுனீங்க? பல்லடமே ஊருங்களா, இல்லை வேலைக்கு வந்துட்டுப் போறீங்களா? அங்க கோழிப்பண்ணை ஆறுச்சாமின்னு யாரையாவது தெரியுங்களா? நல்லா ரோசிச்சுச் சொல்லுங்க. கொஞ்சம் செவப்பா, காதுல கடுக்கன் போட்டுக்கிட்டு, எதுக்கெடுத்தாலும் சிரிப்பான். தெரியாதுங்களா? சரி. தெரியாதுன்னாச் சொல்றேன். தெரிஞ்சிருந்தா நான் பாட்டுக்கு ஜன்னலைப் பாத்துக்கிட்டு வந்திருப்பேன்.

உடுமலைக்குங்க. பொண்ணு வூட்டுக்கு. பொண்ணு வூட்டுலதான் எம்பொண்டாட்டி இருக்கறா. ஐப்பசியில போனவ. தீவாளிக்கும் வரலை, பொங்கலுக்கும் வரலை. இன்னைக்கு இந்தப் பெட்டியைக் கொண்டு போயி அங்க வெச்சு, பொண்ணு மாப்பிள்ளை எல்லாரு முன்னாடியும் ஒரு முடிவு கட்டறதுன்னுதான் கெளம்பியிருக்கறேன்.

பேரு திருமலைசாமிங்க. பால் சொசைட்டியில எழுத்தரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். ஆனா எங்க பக்கம் வந்து சொசைட்டி திருமலைசாமின்னு கேட்டா எவனுக்கும் தெரியாது. பொருத்தம் பாக்கற திருமலைசாமின்னு கேளுங்க, சின்னப் புள்ளை கூட வந்து வூட்டைக் காட்டும். ஜோசியக்காரன் இல்லீங்க நான். பரிகாரம், தாயத்து, அந்தச் சோலியெல்லாம் கெடையாது. பொறந்த தேதி, நேரம், ஊரு மூணையும் சொன்னாப் பெட்டியில அடிப்பேன், கட்டம் வந்துரும். மாப்பிள்ளை கட்டத்தையும் பொண்ணு கட்டத்தையும் சேத்து வெச்சாப் பொருத்தம் வந்துரும். வந்ததை வந்தபடி சொல்லுவேன். அவ்வளவுதான். நெம்பப் பழைய பெட்டிங்க இது. புதுசு வாங்குனா அந்த ஜாதக சாப்ட்வேர் ஓடாது. அதைப் போட்டுக் குடுத்த ஆளும் இப்ப எங்க இருக்கறான்னு தெரியலை.

சுத்துவட்டாரத்துல இருக்கற வயசுப் புள்ளைங்க, பசங்க ஜாதகம் பூரா இதுக்குள்ளதான் கெடக்குது. காயிதத்துல இருந்தா எவனாவது பாத்துருவான்னு, பெட்டியில ஏத்துனதும் காயிதத்தையெல்லாம் வெந்நீர் அடுப்புல போட்டுட்டேன். எந்தப் புள்ளைக்குச் செவ்வாய் இருக்குது, எவனுக்கு ரெண்டு தாரம் காட்டுது, யாரு ரெண்டு வயசைக் கொறைச்சுச் சொல்லிட்டுத் திரியறாங்க, அத்தனையும் எனக்குத் தெரியும், பெட்டிக்குத் தெரியும். மூணாவது ஆளுக்குத் தெரியாது. அப்படின்னா எத்தனை பேரு கண்ணு இதும்மேல இருக்கும்? நீங்களே சொல்லுங்க.

அதனாலதான் பாஸ்வேர்டு. அதுலயும் சும்மா இல்லீங்க, மூணு தடவை தப்பா அடிச்சாப் பூட்டிக்கிட்டு அரை மணி நேரம் தொறக்காத மாதிரி பண்ணிக் குடுன்னு தெரிஞ்ச ஒரு பையன்கிட்டக் கேட்டு வாங்கி வெச்சிருக்கறேன். 'வூட்டுக் கம்பியூட்டருக்கு எதுக்குங்க இதெல்லாம்'னு அந்தப் பையன் சிரிச்சான். எதுக்குச் சிரிக்கறான்னு அவன் மேலயே எனக்கொரு சந்தேகம். நான் பாஸ்வேர்டு அடிக்கிறப்ப கை மேல துண்டைப் போட்டுக்குவேன். துண்டுக்கு அடியில கை பாட்டுக்கு அடிக்கும். பழக்கம். மயிலாத்தா காப்பி கொண்டுக்கிட்டு வந்தாக்கூட 'அப்படியே நில்லு'ம்பேன். மயிலாத்தாதான் எம்பொண்டாட்டி. கோவிச்சுக்க மாட்டா. டம்ளரோட அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்குவா. எத்தனையோ வருஷமா அப்படித் திரும்பி நின்னவதான். இப்பத்தான் எனக்குத் தோணுது, அவ திரும்பி நின்ன பக்கம் பீரோ இருக்குது, பீரோவுல ஆளொசரக் கண்ணாடி இருக்குது. அப்ப அவ எதைப் பாத்துக்கிட்டு நின்னா?

பாருங்க, நீங்க சிரிக்கறீங்க. சிரிக்காதீங்க அம்மிணி. மேல கேளுங்க.

புரட்டாசியில ஆயுத பூசை வந்துச்சுங்களே, அன்னைக்கு எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. காத்தால நேரத்துல பெட்டியைத் தொறந்து ஒரு பொருத்தம் கூடப் பாத்தேன். அப்பறம் அணைச்சு, தொடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, பொரி கடலை படைச்சுக் கும்பிட்டாச்சு. பொழுதோட எம்மச்சினன் வந்தான். அவன்தான் ஆறுச்சாமி. மயிலாத்தாளோட தம்பி. வந்தவன் நாலு சேர் இருக்கறப்ப எங்க போயி உக்காந்தான் தெரியுங்களா? கம்பியூட்டர் சேர்ல! கம்பியூட்டர் சேர்ல உக்காந்துக்கிட்டுப் பொரியைத் தின்னுக்கிட்டு அக்காகிட்டச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசறான். நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நடுவுல ஒருக்கா வெளிய போக வேண்டியதாப் போச்சு. மாட்டுக்காரன் கூப்புட்டான். போயிட்டு வந்தா, அக்காளும் தம்பியும் பேசிக்கிட்டிருந்தவங்க சட்டுனு நிறுத்திட்டாங்க.

மறுநாள் விசயதசமி. குளிச்சுட்டு வந்து, சாமியைக் கும்பிட்டுட்டு, பெட்டியைப் போட்டு, துண்டைப் போட்டு, பாஸ்வேர்டு அடிச்சேன். தப்புங்குது! திருப்பி அடிச்சேன், தப்பு. மூணாவது அடிச்சேன், பூட்டிக்கிச்சு. அரை மணி நேரம் சேர்லயே உக்காந்திருந்து மறுபடியும் அடிச்சேன், தப்பு. பாஸ்வேர்டை நான் மறக்கற ஆளுங்களா? எம்பேரை மறந்தாலும் அதை மறக்க மாட்டேன். என்னன்னு உங்ககிட்டச் சொல்ல மாட்டேன், தப்பா நெனச்சுக்காதீங்க. ஆனா மறக்கலை.

எதுக்கு ஆறுச்சாமி இதைப் பண்ணணும்னு கேப்பீங்க. கேளுங்க. அவம்பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கறான். அந்தப் புள்ளைக்குச் செவ்வாய் இருக்குது. ஆடி மாசமே எங்கிட்ட வந்து, 'மாமா, பொறந்த நேரத்தைச் சித்தெ தள்ளிப் போட்டாச் செவ்வாய் நகந்துக்கும்ல, தள்ளிப் போட்டுக் குடுங்க'ன்னான். எம்பெட்டியில பொய் ஏறாதுன்னுட்டேன். அவன் சிரிச்சுக்கிட்டே போயிட்டான். மயிலாத்தா அன்னைக்கு ராத்திரி சோறு போடறப்ப, 'கூடப்பொறந்தவன் பொண்ணுங்க, கொஞ்சம் பாத்து ஏதாவது பண்ணக் கூடாதா'ன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டா. ஒரே ஒரு வார்த்தைதான். அதுக்கப்பறம் கேக்கவே இல்லை. கேட்டுக்கிட்டே இருந்திருந்தா எனக்குச் சந்தேகம் வந்திருக்காதுங்க. கேக்காம விட்டா பாருங்க, அங்கதான்.

சரி, பெட்டியிலதான் கோளாறோ என்னமோன்னு, அவசரப்பட்டு யாரையும் சொல்லக் கூடாதுன்னு, நான் மொதல்ல கடைக்குத்தான் போனேன். நியாயமா நடந்துக்கறவன் நான். பல்லடத்துல ஒரு கடை. போன் பண்ணிக் கேட்டா, மானிட்டர், கீபோர்டு எதுவும் வேண்டாமுங்க, பெட்டியை மட்டும் கொண்டாங்கன்னான். இதே வேட்டியில கட்டித் தூக்கிட்டுப் போனேன். அவங்க ஒயரையெல்லாம் மாட்டி, பாஸ்வேர்டு என்னங்கன்னு கேக்கறான்! சொல்லுவனுங்களா? நகருங்க தம்பின்னு, துண்டைப் போட்டு நானே அடிச்சேன்.

தொறந்துக்கிச்சு.

ஆமாங்க! ஒரே தடவையில. எல்லா ஜாதகமும் அப்படியே இருக்குது. கடைக்காரன் 'உங்க பெட்டியில ஒண்ணுமே இல்லீங்களே'ன்னு என்னை ஒரு மாதிரி பாக்கறான். எனக்கு மானமே போயிருச்சு. வூட்டுக்குக் கொண்டு வந்து மாட்டி, துண்டைப் போட்டு அடிச்சேன். தப்பு! பூட்டிக்கிச்சு!

அந்தக் கடைக்காரன் இவங்களுக்கு வேண்டியவனா இருப்பானோன்னு திருப்பூருக்கே போயி வேற கடையில காட்டுனேன். அங்கயும் தொறக்குது. வூட்டுக்கு வந்தா மாட்டேங்குது. பல்லடத்துல தொறக்குது, திருப்பூர்ல தொறக்குது, எம்பொண்டாட்டி இருக்கற வூட்டுல மட்டும் தொறக்க மாட்டேங்குது. திருப்பூர்க் கடைக்காரன், 'நான் வேணா வூட்டுக்கு வந்து பாக்கட்டுங்களா'ன்னான். எதுக்கு? வூட்டுல எது எது எங்க இருக்குதுன்னு பாத்து வெச்சுக்கறதுக்கா? வேண்டாம்னுட்டேன்.

இருங்க, என்னமோ கேக்க வர்றீங்க. கேக்கலாம், சொல்லி முடிச்சர்றேன். கோர்வை உட்டுப் போச்சுன்னா எனக்கு வராது.

அப்ப என்ன அர்த்தம்? பெட்டி சுத்தம். பாஸ்வேர்டு சுத்தம். வூட்டுலதான் வெனை. வூட்டுல நான், அவ, ரெண்டே பேரு. நான் பண்ணலை. ஆறுச்சாமி ஏதோ ஒண்ணைக் கொண்டாந்து குடுத்திருக்கறான், அதை அவ எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்கறா, அது இருக்கற வரைக்கும் பெட்டி தொறக்காது. இப்பத்தான் என்னென்னமோ வருதுங்களே, போன்ல பட்டனை அமுத்துனா மோட்டாரு ஓடுது. இதுக்கும் ஒண்ணு இல்லாமயா இருக்கும்? அரிசி டின்னைக் கவுத்துப் பாத்தேன். அவ பொடவையெல்லாம் ஒதறிப் பாத்தேன். பரண்ல ஏறிப் பாத்தேன். அவ ஏணியைப் புடிச்சுக்கிட்டு நின்னா. 'என்னத்தைத் தேடறீங்க, சொன்னா நானும் தேடறேன்'னா. எப்படிப் பேசறா பாருங்க!

கடைசியா ஒரு நாயித்துக்கெழமை ஆறுச்சாமியையும் வரச் சொல்லி, பக்கத்து வூட்டு ஒறம்பரை, சொந்தக்காரங்கதான், ரெண்டு பேரையும் கூப்புட்டு உக்கார வெச்சுக் கேட்டுட்டேன். ஆறுச்சாமி வழக்கம் போலச் சிரிச்சான், அப்பறம் கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். குத்தமில்லாதவன் எதுக்குக் கோவிக்கணும்? அவ மட்டும் நின்னா. 'நான் அதைத் தொடலைங்க, தொடைக்கறதுக்குக் கூட நீங்க உட மாட்டீங்களே'ன்னா. அப்படின்னாச் சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுன்னேன்.

நீங்க அப்படிப் பாக்காதீங்க. எங்க பக்கம் இது வழக்கந்தான். சொல்ற வார்த்தை நெசம்னா எரியற சூடத்தைக் கையில அடிச்சு அணைப்பாங்க. பொய்யா இருந்தா ரோசிப்பாங்க. அவ ரோசிக்கவே இல்லீங்க. சாமி படத்துக்கு முன்னாடி சூடத்தைப் பொருத்தி வெச்சேன், அவ உள்ளங்கையை வெச்சு ஒரே அமுத்து அமுத்துனா. அணைஞ்சுருச்சு. பக்கத்து வூட்டுக்காரங்க 'இனி என்னங்க, அதான் சத்தியமே பண்ணிருச்சே'ன்னாங்க. நான் ஒத்துக்கலை. காலம் பூரா தோசைக்கல்லுல வெந்த கைங்க அது. சூடம் எம்மாத்திரம்? அதைத்தான் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லலை. வஞ்சேனா, அடிச்சேனா? ஒண்ணும் இல்லை.

அவ கையைத் திருப்பிப் பாத்தா. அப்பறம் உள்ள போயி நாலு பொடவையை ஒரு பையில வெச்சுக்கிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டா. இப்ப நீங்களே சொல்லுங்க, சத்தியம் பண்ணி ஜெயிச்சவ எதுக்கு வூட்டை உட்டுப் போகணும்? எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் அன்னைக்குத்தான் உறுதியாச்சு.

பொய் சொல்ல மாட்டேன் அம்மிணி, வூடு வெறிச்சோடிக் கெடக்குது. காத்தால எந்திரிச்சுக் காப்பிக்கு அவளைக் கூப்புடறேன், கூப்புட்ட பொறவுதான் நெனப்பு வருது. மெஸ்ஸுல இருந்து சோறு வருது. எல்லா நாளும் ஒரே ருசி. துண்டைக் கை மேல போட்டுக்கிட்டுப் பெட்டி முன்னாடி உக்கார்றேன், திரும்பி நிக்கறதுக்கு ஆளு இல்லை. யாருக்கு மறைக்கறதுன்னு நெனச்சா ஒரு மாதிரி ஆயிருதுங்க. தை பொறந்து கண்ணாலப் பேச்சு எடுத்த ஊர்க்காரங்க எல்லாம் வந்து வந்து திரும்பிப் போறாங்க. அது கூடப் பெருசில்லை. அவ வரணும். வந்துட்டாப் போதும். ஆனா அவ பண்ணுனதை ஒத்துக்கிட்டு வரணும்.

அவ போன பொறவும் பெட்டி வூட்டுல தொறக்கலைதான். தொறக்கலை. அதுதான கேக்க வந்தீங்க? அதுக்கும் ரோசிச்சுட்டேன். ஒளிச்சு வெச்சதை எடுக்காமப் போயிருக்கறா. இல்லைன்னாக் கூடவே வெச்சுக்கிட்டு அங்க இருந்தே பண்றா. ரெண்டுல எதுன்னு இன்னைக்குத் தெரிஞ்சுரும். மாப்பிள்ளை வூட்டுல கம்பியூட்டர் இருக்குது. அதோட மானிட்டரு, கீபோர்டு எல்லாத்தையும் இந்தப் பெட்டியில மாட்டச் சொல்லி எல்லாரு முன்னாடியும் அடிப்பேன். அவ இருக்கற வூட்டுல இது தொறக்காது. அதை எம்பொண்ணு கண்ணாலயே பாக்கட்டும். அப்பறம் அவ என்ன சொல்லுவா?

ம், இப்பக் கேளுங்க.

கீபோர்டா? எங்க வூட்டுக் கீபோர்டா? அது வூட்டுலதான் இருக்குது. அதை எதுக்குக் கடைக்குத் தூக்கிட்டுப் போகணும்? அவன்தான் வேண்டாம்னானே. அது நல்லாத்தான் இருக்குது, மேல ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு, பூசை அன்னைக்கு மட்டுந்தான் எடுக்கறது. வண்டிக்கு, மோட்டாருக்கு, அருவாளுக்கெல்லாம் அவ பொட்டு வெப்பா, கம்பியூட்டருக்கு நான்தான். வேற யாரையும் தொட உடறதில்லை. ஸ்கிரீனுக்கு நெத்தியில ஒண்ணு, பெட்டிக்கு ஒண்ணு, கீபோர்டுக்கு நடுவுல ஒண்ணு, அந்தக் கடைசியில ஒண்ணு, இந்தக் கடைசியில ஒண்ணு. கீபோர்டுதான அத்தனை வேலையும் செய்யுது, அதுக்குக் கொஞ்சம் எச்சாவே வெப்பேன். இந்த வருசம் நல்ல சந்தனங்க. பன்னீர் ஊத்திக் கொழைச்சேன். சித்தெ தண்ணியாப் போச்சு, எழுத்துக் கட்டைக்கு நடுவுல எறங்கிருச்சு. பரவாயில்லைன்னு மேல இன்னொருக்கா வெச்சேன். வாசம் வூடு பூரா...

என்னங்க?

எதுக்கு இப்ப அப்படி வாயில கை வெக்கறீங்க?

இல்லீங்க. அதெப்படி? கட்டையெல்லாம் அமுந்துதே. அமுத்துனா அமுந்துது. எழுத்து உழுகுதான்னா... அது புள்ளி புள்ளியாத்தான காட்டும். புள்ளியை எதுக்கு எண்ணணும்? நான் துண்டைப் பாத்துக்கிட்டு அடிக்கறவன். ஒரு கட்டை வேலை செய்யலைன்னாக் கூடப் பாஸ்வேர்டு தப்புன்னு வருமா? உங்க ஆபீஸ்ல கீபோர்டுல டீயைக் கொட்டுனப்ப இப்படித்தான் ஆச்சா? யாரு கொட்டுனது? எந்த ஆபீஸுங்க உங்களுது? அங்க ஆறுச்சாமிக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கறாங்களா?

கோவிச்சுக்காதீங்க. கேட்டேன், அவ்வளவுதான்.

கடையில அவங்க கீபோர்டு. ஆமாம். திருப்பூர்லயும் அவங்க கீபோர்டு. ஆமாம். வூட்டுல நம்ம கீபோர்டு. ஆயுத பூசை அன்னைக்குக் காத்தால தொறந்துச்சு. அப்பறம் சந்தனம் வெச்சேன். மறுநாள் தொறக்கலை.

கொஞ்சம் இருங்க அம்மிணி. அந்த ஜன்னலைச் சித்தெத் தள்ளுங்க. காத்து வரட்டும்.

அப்ப... மாப்பிள்ளை வூட்டுல இது தொறந்துக்குமா? நிச்சியமாவா? எல்லாரு முன்னாடியும் நான் அடிப்பேன், டக்குனு தொறந்துக்குமா?

அது ஆகாதுங்களே. போன்ல சொல்லி வெச்சிருக்கறேன், பொண்ணுகிட்ட. உங்கம்மா இருக்கற எடத்துல இது தொறக்காது, நீயே பாருன்னு சொல்லித்தான் கெளம்புனேன். மாப்பிள்ளை லீவு போட்டுட்டு உக்காந்திருக்கறாரு. இப்பப் போயி, சந்தனம்மா, நான் வெச்ச சந்தனந்தான்னு சொன்னா? பக்கத்து வூட்டுக்காரன் முன்னாடி அவ கையை... இல்லீங்க. அதை எப்படிச் சொல்றது. இந்த வயசுக்கு மேல மாப்பிள்ளை முன்னாடி நின்னுக்கிட்டு அதைச் சொல்ல முடியுங்களா?

வேற ஒண்ணு பண்ணலாம். கேளுங்க. தொறக்கட்டும். தொறந்ததும் நான் பொறுமையாச் சொல்றேன்: 'பாத்தீங்களா, நான் பெட்டியைத் தூக்கிட்டு வர்றேன்னு தெரிஞ்சதும் ஒளிச்சு வெச்சதை அவளே எடுத்துட்டா. போகட்டும். நடந்தது நடந்து போச்சு. நான் மனசுல வெச்சுக்கலை. மன்னிச்சுட்டேன். பையை எடுத்துக்கிட்டு வா மயிலாத்தா, வூட்டுக்குப் போலாம்.' எப்படிங்க? அவளுக்கும் கௌரவம், எனக்கும் கௌரவம். பெரிய மனுசன் மன்னிச்சுட்டாருன்னு மாப்பிள்ளையும் நெனப்பாரு. வூட்டுக்குப் போனதும் கமுக்கமாக் கீபோர்டை மாத்திர்றேன். அவளுக்குத் தெரியவே வேண்டாம்.

நல்ல ரோசனைதான? அவ வூட்டுக்கு வர்றாளா இல்லையா, அதுதான முக்கியம்?

குடிமங்கலம் நால்ரோடு தாண்டிருச்சுங்களா? அப்பச் சித்தெ நேரந்தான். எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்க. பெட்டி மடியில இருக்குது, கையை எடுக்க முடியலை. சட்டைப் பாக்கெட்டுல போன் இருக்குது பாருங்க, எடுங்க. ரேணுகான்னு இருக்கும், எம்பொண்ணு. அடிச்சு, அப்பா நால்ரோடு தாண்டிட்டாரு, மாப்பிள்ளையை பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லுங்கன்னு மட்டும் சொல்லிருங்க. அது போதும்.

அடிக்குதுங்களா?

எடுத்தாச்சா? ரேணுகாவா?

அவளா எடுத்தது? மயிலாத்தாளா? எம்போன்னு தெரிஞ்சுமா எடுத்தா? நெசமாவா? சரி, சரி, நால்ரோடு தாண்டியாச்சுன்னு சொல்லுங்க. நல்லா இருக்கறாளான்னு கேளுங்க. நான் கேட்டேன்னு வேண்டாம், நீங்க கேக்கற மாதிரி கேளுங்க.

ஆமாம், பஸ்ஸுல கூட வர்றவங்கன்னு சொல்லுங்க. சரி... என்ன சொல்றீங்க? அம்மிணி, கீபோர்டைப் பத்தி இப்ப எதுக்குங்க? அம்மிணி! சந்தனத்தை எதுக்குச் சொல்றீங்க அவகிட்ட? நான் சொல்லிக்கறனுங்க, போனைக் குடுங்க. பொண்ணு மாப்பிள்ளை பக்கத்துல இருப்பாங்க. ஐயோ, குடுங்க அதை! ஒத்தைக் கையில இந்தப் பெட்டியைப் புடிச்சுக்கிட்டு நான் எப்படி...

முழுசும் சொல்லிட்டீங்களா?

என்ன சொன்னா? சிரிச்சாளா? அழுதாளா? ஒண்ணுமே சொல்லலையா? என்னமோ சொன்ன மாதிரி கேட்டுச்சே. மெதுவா என்னமோ சொன்னாளே. சொல்லுங்க, என்னன்னாலும் சொல்லுங்க.

'எம்பேச்சை நம்பாத மனுசன், பஸ்ஸுல பாத்த உங்க பேச்சை நம்பிட்டாருங்களா'ன்னா கேட்டா?

அப்படியேவா கேட்டா?

நம்பலைன்னு சொல்லியிருக்கலாமே அம்மிணி! நான் உங்களை மட்டும் எங்க நம்புனேன்? பல்லடத்துல ஏறுனதுல இருந்து உங்க மேலயும் எனக்குச் சந்தேகந்தான், யாரு அனுப்புன ஆளோன்னுதான் பாத்துக்கிட்டு வந்தேன். நான் யாரையுமே நம்புனதில்லீங்க. அவளை மட்டும் தனியா நம்பாம இல்லை. அதைச் சொல்லுங்க அவகிட்ட. மறுபடியும் போடுங்க, போட்டு அதைச் சொல்லிருங்க. அதைக் கேட்டா அவளுக்குக் கொஞ்சம் ஆறும்.

எடுக்க மாட்டேங்கறாளா? இன்னொருக்காப் போடுங்க.

அணைச்சு வெச்சுட்டாளா?

இருங்க கண்டக்டர், விசில் அடிக்காதீங்க. உடுமலைன்னு தெரியுது. எறங்கறவன்தான் நான். மாப்பிள்ளை நிக்கறாரான்னு ஜன்னல்ல பாத்துச் சொல்லுங்க அம்மிணி. வெள்ளைச் சட்டை, கண்ணாடி போட்டிருப்பாரு. யாரும் இல்லீங்களா? நல்லாப் பாருங்க.

ஒருத்தரும் இல்லீங்களா?